வளரும் நிறுவனங்கள் ஏன் வசை வாங்குகின்றன?

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. பள்ளிப் பாடத்தில் இது வரிக்கு எதிரான போராட்டம். அது பாதி உண்மை. அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் விதிக்கவில்லை. பவுண்டுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரியை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பெனி தன் சரக்கை நேராக அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்ப வழி திறந்தது. அதனால் தேயிலை விலை குறையவே இருந்தது. கள்ளக் கடத்தலில் வந்துகொண்டிருந்த டச்சுத் தேயிலையைவிடவும் மலிவாக விற்றிருக்க முடியும். அப்படியிருந்தும் ஊர் கொதித்தது.

காரணம் தேடினால் ஒன்றல்ல, பல கிடைக்கின்றன. விற்கும் உரிமை கம்பெனி தேர்ந்தெடுத்த சில முகவர்களுக்கு மட்டும் என்றானது. பாஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள் இருவரும் இருந்தார்கள். பட்டியலில் இடம் கிடைக்காத வணிகர்களுக்கும், கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போயிற்று. ஜான் டிக்கின்சன் போன்ற எழுத்தாளர்கள் 1770-ன் வங்காளப் பஞ்சத்தைச் சுட்டிக்காட்டி, அங்கே அப்படி நடந்துகொண்ட கம்பெனி இங்கே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். கொள்கை, பிழைப்பு, அச்சம் மூன்றும் கலந்த கோபம் அது. எது எத்தனை பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நிறுவனம் பெரிதாகப் பெரிதாக அதன் மேல் விமர்சனமும் கசப்பும் ஏன் கூடுகின்றன என்ற கேள்வியும் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளாக வந்துள்ள விடைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பெரும்பாலும் விடை சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் அதில் தெரிந்துவிடுகிறது.

காய்த்த மரமும் கல்லடியும்

முதலாளிகளுக்குப் பிடித்த விடை பொறாமை. 'காய்த்த மரம்தான் கல்லடி படும்' என்று நாமும் சொல்கிறோம். (கல்லெறிபவர் மரத்தின் மேல் பொறாமைப்பட்டு எறிவதில்லை, பழத்துக்காகவே எறிகிறார் என்பதை அந்தப் பழமொழியைத் தமக்குச் சாதகமாக எடுத்தாள்பவர்கள் கவனிப்பதில்லை.)

இந்த விடைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களில் லுட்விக் ஃபான் மீசஸ் முக்கியமானவர். 1956-ல் வெளியான நூலில், சந்தை சமூகத்தில் தோற்றவனுக்குப் பிறப்பையோ சாதியையோ குற்றம் சொல்ல வழியில்லை, அதனால் அமைப்பையே வெறுக்கிறான் என்று வாதிட்டார். அதற்கு முன்பே 1942-ல் யோசெஃப் ஷும்பீட்டர் இதைவிட நுட்பமாகச் சொன்னார். முதலாளித்துவத்தின் வெற்றியே அதன் எதிரிகளை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. படித்த, எழுதத் தெரிந்த, ஆனால் பொறுப்பில் இல்லாத ஒரு வகுப்பை அது உருவாக்குகிறது. பெருநிறுவனம் சிறு உடைமையாளர்களை ஒழிப்பதால், தனக்காகப் பரிந்து பேசக்கூடிய ஆட்களையும் இழக்கிறது. இரண்டாவது கருத்து முதலாவதைவிடக் கனமானது. ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உளவியல் ஆய்வுகள் பொறாமைக் கருத்தை முழுதாக ஆதரிக்கவில்லை. உயர்ந்தவர்கள் விழுவதை மக்கள் ரசிக்கிறார்களா என்று ஆஸ்திரேலிய உளவியலாளர் நார்மன் ஃபெதர் 1980-களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தார். உயரம் ஒரு காரணம்தான். ஆனால் அந்த உயரத்துக்கு அவர் தகுதியானவரா என்ற தீர்ப்பு பெரிதும் முன்னிற்கிறது. தகுதியால் உயர்ந்தார் என்று நம்பப்படுபவரின் வீழ்ச்சி அவ்வளவாக மகிழ்ச்சி தருவதில்லை. பொறாமையை மட்டும் காரணமாகச் சொன்னால், ஒரே அளவுள்ள இரண்டு நிறுவனங்களில் ஒன்று மதிக்கப்படுவதையும் மற்றொன்று ஏசப்படுவதையும் விளக்க முடியாது.

லாபம் பற்றிய உள்ளுணர்வு

அடுத்த விடை குற்றத்தை மனத்தின் கணக்குப் பிழை மேல் போடுகிறது. ஒருவருக்கு லாபம் என்றால் இன்னொருவருக்கு நட்டம் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம் என்கிறது. அமித் பட்டாசார்ஜி, ஜேசன் டேனா, ஜொனாதன் பேரன் ஆகிய மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பங்கேற்ற அமெரிக்கர்கள் அதிக லாபமீட்டும் நிறுவனங்களைச் சமூகத்துக்கு அதிகத் தீங்கு செய்பவையாக மதிப்பிட்டார்கள். மற்ற விவரங்களை மாற்றாமல், லாப நோக்கு உள்ள அமைப்பு என்று சொன்னாலே மதிப்பீடு சரிந்தது.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்கு 1986-ன் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசி வழியாகக் கேட்ட கேள்வி இது. ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதத்தினர் நியாயமில்லை என்றார்கள். ஆனால் கடைக்காரரின் அடக்கவிலை கூடியதால் விலை கூடினால் பெரும்பாலோர் அதை ஏற்றார்கள். லாபத்தையே அவர்கள் வெறுக்கவில்லை. தம் நெருக்கடியிலிருந்து லாபம் எடுப்பதைத்தான் வெறுத்தார்கள். பொருளியல் பாடம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். வாங்குபவர் அப்படிப் பார்ப்பதில்லை. சென்னை வெள்ளத்தில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு வாங்கியவர்களுக்கு இந்த ஆய்வை விளக்கத் தேவையிருக்காது.

இந்த விடையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. மண்வெட்டிக் கடை சின்னக் கடைதான். நியாய உணர்வு சின்ன வியாபாரியையும் விடுவதில்லை என்றால், வளர்ச்சியோடு கசப்பு கூடுவதற்கு இது தனியாகக் காரணம் சொல்லவில்லை.

கேடு உண்மையானதே என்போர்

மூன்றாவது தரப்பு உளவியலுக்குள் போகவே மறுக்கிறது. நிறுவனங்கள் தவறு செய்கின்றன, மக்கள் திட்டுகிறார்கள், இதில் விளக்க என்ன இருக்கிறது என்கிறது. இந்தத் தரப்பின் ஆதார வழக்கு ஸ்டாண்டர்டு ஆயில். அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனென்றால் எதிர்த்தரப்பும் அதே வழக்கைத்தான் எடுத்தாள்கிறது.

ஜான் டி. ராக்கஃபெல்லர் 1870-ல் ஒஹாயோவில் தொடங்கிய நிறுவனம் அது. 1872-ல் அவரும் வேறு சில சுத்திகரிப்பாளர்களும் ரயில் நிறுவனங்களோடு ரகசிய ஒப்பந்தம் ஒன்று செய்தார்கள். அதன்படி தங்கள் சரக்குக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். போட்டியாளர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு இவர்களுக்கு வந்து சேரும். எதிரி அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் தனக்குக் காசு என்ற ஏற்பாடு. செய்தி கசிந்து பென்சில்வேனியாவின் எண்ணெய் வட்டாரம் கொந்தளித்ததில், நடைமுறைக்கு வருமுன்பே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தின் 26 போட்டிச் சுத்திகரிப்பாளர்களில் 22 பேர் ராக்கஃபெல்லரிடம் விற்றுவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் அவர் கையில்.

அந்த வட்டாரத்தில் தனித்து நின்று தொழில் செய்த ஒருவரின் மகள் ஐடா டார்பெல். 1872-ல் அவருக்கு வயது 14. முப்பது ஆண்டுகள் கழித்து, 1902 முதல் 1904 வரை மக்லூர்ஸ் இதழில் ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றைத் தொடராக எழுதினார். நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணைக்குழுப் பதிவுகளையும் அடுக்கி அவர் எழுதிய முறை பிற்கால இதழியலுக்கு முன்மாதிரி ஆயிற்று. அவர் நிறுவனத்தின் திறமையை மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் குற்றச்சாட்டு, இவ்வளவு திறமை இருந்தும் ஆட்டத்தை நேராக ஆடவில்லை என்பதுதான். 1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, நிறுவனம் 34 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது.

இதற்கு மறுப்பு 1958-ல் வந்தது. பொருளியலாளர் ஜான் மக்கீ வழக்கின் சாட்சிப் பதிவுகளைப் படித்துவிட்டு, நட்டத்துக்கு விற்று எதிரிகளை வீழ்த்தியதாகச் சொல்லப்படும் கதைக்கு அங்கே போதிய ஆதாரம் இல்லை என்றார். எதிரியை நட்டத்தில் வீழ்த்துவதைவிட வாங்கிவிடுவது மலிவு, ராக்கஃபெல்லர் செய்தது பெரும்பாலும் அதுதான் என்பது அவர் முடிவு. 1870-க்கும் 1890-க்கும் இடையில் மண்ணெண்ணெய் விலை வெகுவாக இறங்கியதும் அவருக்குச் சாதகம். வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்றால் குற்றம் எங்கே என்ற இந்த வாதம்தான் 1978-ல் ராபர்ட் போர்க்கின் நூல் வழியாக அமெரிக்கப் போட்டிச் சட்டத்தின் மையக் கருத்தானது.

1996-ல் எலிசபெத் கிரானிட்ஸும் பெஞ்சமின் கிளைனும் நடுவழி ஒன்று சொன்னார்கள். விலைக்குறைப்புக் கதை பலவீனமானதாக இருக்கலாம். ஆனால் ரயில் நிறுவனங்களின் கட்டணக் கூட்டைக் கட்டிக்காக்கும் வேலையைச் செய்து, அதற்குக் கூலியாகப் போட்டியாளர்களின் செலவைக் கூட்டியதுதான் ஸ்டாண்டர்டின் வழி என்றார்கள். என் பார்வையில், டார்பெல்லின் கோபத்துக்கும் மக்கீயின் கணக்குக்கும் ஒருசேர இடம் தருவது இந்த விளக்கமே. மண்ணெண்ணெய் வாங்கியவர் பாதிக்கப்படாமல் இருந்திருக்கலாம். பாதிக்கப்பட்டவர் வேறொருவர், அவருக்கும் எழுதத் தெரிந்த மகள் இருந்தாள்.

இடம் இழந்தவர்களின் குரல்

மான்கர் ஓல்சன் 1965-ல் எழுதிய நூல் இந்த இடத்தில் உதவுகிறது. சிறு குழு தன் நலனுக்காக எளிதில் ஒன்றுசேரும். கோடிக்கணக்கானோர் சேர மாட்டார்கள். பெரிய கடை வந்தால் வாடிக்கையாளருக்கு மாதம் சில ரூபாய் மிச்சம். அதற்காக யாரும் ஊர்வலம் போவதில்லை. மூடும் நிலைக்கு வரும் மளிகைக் கடைக்காரருக்கோ அது வாழ்வின் முழுக் கணக்கு.

1930 வாக்கில் ஏறத்தாழ 16,000 கிளைகளோடு உலகின் மிகப் பெரிய சில்லறை வணிகமாக இருந்தது அமெரிக்காவின் ஏ அண்ட் பி மளிகை நிறுவனம். அது மலிவாக விற்றது, கூட்டமும் வந்தது. அதே காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய கிளைக் கடைகளுக்குத் தனி வரி போட்டன. 1936-ல் வந்த ராபின்சன்-பாட்மன் சட்டம், பெரிய கடைகளுக்கு மட்டும் விலைச் சலுகை தருவதைக் கட்டுப்படுத்தியது. இவற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் சிறு கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும். இந்தியாவில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு 2012-ல் அனுமதிக்கப்பட்டபோது வணிகர் சங்கங்கள் எழுந்ததும், தமிழகம் அதை எதிர்த்ததும் இந்த வரிசையில் வருபவை.

ஆனால் 'பாதிக்கப்பட்டவர் தன் நலனுக்காகக் கத்துகிறார்' என்பது அவர் சொல்வது பொய் என்றாகாது. நலன் உள்ளவர்தான் முதலில் பார்ப்பார். மேலும் கசப்பு சில வேளைகளில் கடைக்காரர்களைத் தாண்டிப் பொதுமக்களுக்கும் பரவுகிறது. எப்போது பரவுகிறது, எப்போது பரவாமல் போகிறது என்பதை ஓல்சனின் தர்க்கம் சொல்வதில்லை.

எண்ணிக்கைதான் காரணமோ?

சலிப்பூட்டும் விடை ஒன்றும் இருக்கிறது. அதனாலேயே அது புறக்கணிக்கப்படுகிறது. ஆயிரம் பேருக்கு விற்பவரிடம் நூற்றில் ஒருவர் குறைப்பட்டால் பத்துப் புகார். ஒரு கோடிப் பேருக்கு விற்றால் ஒரு லட்சம். தரம் மாறாமலே திட்டு பல மடங்காகும். பத்திரிகையும் பெரிய பெயரைத்தான் தலைப்பில் போடும். வெறுப்பு பெருகியது என்று சொல்லுமுன் இந்தக் கணக்கைக் கழிக்க வேண்டும், பலர் கழிப்பதில்லை.

அளவீடுகளும் முரண்படுகின்றன. காலப் நிறுவனத்தின் 2023 கணிப்பில் பெருந்தொழில் மேல் மிகுந்த நம்பிக்கை உண்டென்ற அமெரிக்கர்கள் 14 சதவீதம், சிறுதொழில் மேல் 65 சதவீதம். ஆனால் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் சார்ந்த 2018 கணிப்பில், அமெரிக்கர்கள் மிகவும் நம்பும் அமைப்புகளில் ராணுவத்துக்கு அடுத்த இடம் அமேசானுக்கு. 'பெருநிறுவனம்' என்று கேட்டால் ஒரு விடை, பெயர் சொல்லிக் கேட்டால் வேறு விடை. எதை வெறுப்பு என்று கொள்வது என்பதே இங்கு தெளிவில்லாமல் போகிறது.

விற்பவர் விதி வகுக்கும்போது

ஆடம் ஸ்மித் 1776-ல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சாடியபோது ஒரு நுட்பமான வேறுபாடு செய்தார். ஊழியர்களின் குணத்தைப் பழிக்கவில்லை, அவர்களை வைத்த இடத்தையே குறை சொல்கிறேன் என்றார். வணிகராக இருந்தால் மலிவாக வாங்க வேண்டும். ஆட்சியாளராக இருந்தால் அதே மக்கள் செழிக்க வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருக்க முடியாது.

இன்றைய இணையத் தளங்களின் மேலுள்ள குறையும் இதே வடிவம். 2017-ல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது, தேடல் முடிவுகளில் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவைக்குச் சலுகை காட்டியது என்பதற்காக. 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி இந்திய உணவகங்கள் பல, இத்தகைய தளங்களின் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து கூட்டமாக வெளியேறின. பிறகு தேசிய உணவகச் சங்கத்தின் புகாரின் பேரில் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் உணவு விநியோகத் தளங்களான சொமாட்டோ, ஸ்விக்கி மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. கமிஷன், தள்ளுபடி, பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பவைதான் சர்ச்சை. ஆர்டர் கொண்டுவருபவரே போட்டி விதியையும் எழுதுகிறார் என்பது உணவகக்காரர்களின் மனக்குறை. லினா கான் 2017-ல் அமேசான் பற்றி எழுதிய கட்டுரை இதைச் சட்டவாதமாக்கியது: விலை குறைவாக இருப்பதே கேடு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் மக்களுக்கு இரண்டு வழி: விட்டு விலகுவது, குரல் கொடுப்பது. விலகும் வழி குறுகக் குறுக, குரல் உயரும். சின்ன நிறுவனத்தை விட்டு ஓசையின்றிப் போய்விடுகிறோம். அதனால்தான் அதைப் பற்றிய குறை யார் காதிலும் விழுவதில்லை. இந்த விளக்கம் எனக்கு மற்றவற்றைவிட வலுவாகத் தோன்றுகிறது. அளவுக்கும் கசப்புக்கும் இடையிலான கண்ணி எது என்று அது சொல்கிறது. ஆனால் இதற்கும் இடறும் வழக்கு உண்டு.

அமுல் என்னும் சோதனை

1946-ல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் தோன்றிய பால் கூட்டுறவின் பெயர்தான் அமுல். உடைமையாளர்கள் பல லட்சம் பால் உற்பத்தியாளர்கள். பங்குச் சந்தை இல்லை, கோடீசுவர முதலாளி இல்லை. வர்கீஸ் குரியனின் பெயரோடு சேர்த்து நாடே பெருமையாகப் பேசும் அமைப்பு.

2023 ஏப்ரலில் பெங்களூரில் பாலும் தயிரும் விற்கப்போவதாக அமுல் அறிவித்ததும் கர்நாடகம் எழுந்தது. அம்மாநிலப் பால் கூட்டுறவின் பெயரான நந்தினியைக் காப்போம் என்ற குரல் பரவியது; பெங்களூர் ஓட்டல் உரிமையாளர் சங்கம் நந்தினியை மட்டுமே வாங்குவோம் என்றது. மே 25 அன்று தமிழக முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமுல் குளிரூட்டும் மையம் அமைத்து, வட மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்யத் திட்டமிடுகிறது, தமிழகக் கூட்டுறவான ஆவினின் கொள்முதல் பகுதியில் நுழைவது கூட்டுறவுகளுக்கிடையிலான மரபை மீறுவது என்பது அதன் சாரம்.

இங்கே பொறாமைக் கோட்பாடு பொருந்தவில்லை, லாப வெறுப்பும் பொருந்தவில்லை. ஹிர்ஷ்மனும் தடுமாறுகிறார். அமுலின் வரவால் விலகும் வழி குறையவில்லை, கூடியது. கொள்முதல் விலையை உயர்த்தக் கோரி அதே ஆண்டு மார்ச்சில் ஆவினுக்கு எதிராகப் போராடிய தமிழக உற்பத்தியாளர்களுக்கு இன்னொரு வாங்குபவர் கிடைப்பது கெடுதல் அல்ல. எழுந்த குரல் பெரும்பாலும் ஏற்கெனவே இடத்தில் இருந்தவர்களுடையது என்று ஓல்சன் வழியில் சொல்லலாம். எழுதப்படாத எல்லை ஒன்று மீறப்பட்டது என்றும் சொல்லலாம். ஆவினும் நந்தினியும் தேய்ந்த பிறகு ஒரே வாங்குபவர் மிஞ்சுவார் என்ற எதிர்கால அச்சத்தையும் எளிதில் தள்ள முடியாது.

இதிலிருந்து பெரிய முடிவு எடுக்கத் தயக்கம் வேண்டும். கர்நாடகத்தில் அது சட்டமன்றத் தேர்தல் காலம். அமுலும் நந்தினியும் இணைந்து செயல்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் அமித் ஷா மாண்டியாவில் பேசியது, நந்தினி விழுங்கப்படும் என்ற ஐயத்தைக் கிளப்பியிருந்தது. மாநில உரிமை, மொழிப் பற்று, கட்சி அரசியல் எல்லாம் பாலில் கலந்திருந்தன. நிறுவனத்தின் மேலான கோபத்தைத் தனியே பிரித்தெடுக்க இந்த வழக்கு இடம் தரவில்லை. அமெரிக்க வழக்குகளிலும் இத்தகைய கலப்பு இருந்திருக்கும். தொலைவில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இன்னும் தீராதவை

கசப்பு எப்போது தொடங்குகிறது என்பது முதல் சிக்கல். நிறுவனம் ஓர் அளவைத் தாண்டும்போதா, தான் முன்பு தந்த நிபந்தனைகளை மாற்றும்போதா? முன்னது என்றால் அளவே காரணம். பின்னது என்றால் நடத்தை. பெரும்பாலான ஆய்வுகள் ஒரு காலப்புள்ளியில் மக்களைக் கேட்டவை. ஒரே நிறுவனத்தை அதன் தொடக்கம் முதல் ஆதிக்கம் வரை தொடர்ந்து அளந்தால்தான் இதைப் பிரிக்க முடியும்.

யாருடைய குரல் பதிவாகிறது என்பது இரண்டாவது. டார்பெல்லுக்கு ஓர் இதழ் கிடைத்தது, வணிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சங்கமில்லாத டெலிவரி ஊழியரின் கசப்பும், மலிவு விலையால் பயன்பெற்ற ஏழை வாடிக்கையாளரின் திருப்தியும் இந்தக் கணக்குகளில் மிகக் குறைவாகவே ஏறுகின்றன.

மூன்றாவது, மருந்து வேலை செய்கிறதா என்பது. 1911-ல் ஸ்டாண்டர்டு ஆயில் உடைக்கப்பட்டபின் துண்டு நிறுவனங்களின் பங்கு விலை ஏறியது. ராக்கஃபெல்லர் முன்னைவிடப் பணக்காரரானார். ஆனால் 1937-ல் அவர் இறந்தபோது பொதுமனத்தில் அவர் பெயர் 1905-ல் இருந்ததைப் போல் கசக்கவில்லை. நிறுவனம் உடைந்ததால் கோபம் தணிந்ததா, 1913-ல் தொடங்கிய அறக்கட்டளை உள்ளிட்ட கொடைகளால் தணிந்ததா, எதிராளிகள் முதுமை எய்திப் போனதால் தணிந்ததா? மூன்றுக்கும் வாதம் உண்டு, மூன்றையும் பிரித்துக் காட்டும் சான்று இல்லை. கசப்பு ஏன் வருகிறது என்பதற்கு இன்று இருக்கும் அரைகுறை விடைகூட, அது எதனால் போகிறது என்ற கேள்விக்கு இன்னும் கிடைக்கவில்லை.